ஜோடியில்லாத முகமூடி

1

இந்தக் கதை திண்டிவனம் பேருந்து நிலையத்தில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று எழுதுவது பாவனை. எடுத்துக்கொண்டேன் என்பதே சரி.

மே மாத மதியம். விழுப்புரம் பேருந்துக்காக நின்றிருந்தேன். அட்டையில் செய்த மிருக முகமூடியை மாட்டிக்கொண்டு ஒரு சிறுமி இரும்பு இருக்கையில் காலாட்டியபடி உட்கார்ந்திருந்தாள். நீண்ட முகம், நெற்றியில் கறுப்புக் கம்பளி நூலால் மயிர். குதிரை என்று நினைத்தேன். காதைப் பார்த்தால் கழுதை. பக்கத்தில் அவள் அம்மா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி, கையில் எவர்சில்வர் டப்பாவோடு இன்னொரு பெண். அவள் கிட்டே வரவும் இல்லை, போய்த் தொலையவும் இல்லை.

நான் பார்த்தது அவ்வளவுதான். நீ என்ன மிருகம் என்று சிறுமியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. கதை முடிகிறவரை அது போகாது என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "விலங்கியல் ஆசிரியை இசைவாணிக்கு இரண்டு முகங்கள்." அடித்துவிட்டேன். முகமூடி வரப்போகிற கதையை இப்படித் தொடங்குவது சோம்பேறித்தனம்.

இரண்டாவது: "வார நாட்களில் இந்த உலகத்துக்குக் கோடிக்கணக்கான வயது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சில ஆயிரம்." இது பரவாயில்லை. ஆனால் சிரிப்பு வருகிறது. இப்போதே இசைவாணியைப் பார்த்துச் சிரித்துவிட்டால் பிறகு அவளோடு சேர்ந்து நீங்கள் வெட்கப்பட மாட்டீர்கள்.

மூன்றாவது: "இசைவாணி கத்தரிக்கோலை எடுத்தபோது" (இதையும் விட்டுவிட்டேன். கத்தரிக்கோல் பிறகு வரும்.)

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். டப்பாவோடு நின்றவளுக்கு இசைவாணி என்று பெயர் வைத்திருக்கிறேன். விழுப்புரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. வீடு திண்டிவனம். ஞாயிற்றுக்கிழமைகளில் தகரக் கொட்டகை போட்ட ஒரு சின்ன சபைக்குப் போகிறாள். பள்ளியில் பரிணாமம் நடத்துவாள், சபையில் ஆறு நாள் படைப்புக்கு ஆமென் சொல்லுவாள். இரண்டுக்கும் நடுவே ஒரு பேருந்துப் பயணம் இருந்ததால் இடைஞ்சலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இடைஞ்சல் பாஸ்டர் தேவசகாயம் வடிவில் வீட்டுக்கே வந்தது.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். பசங்க லீவு கிளாசுக்கு இந்த வருஷம் பிரளயத்துல மிருகங்கள ஏத்திக்கினு போன பேழைதான். தெர்மாகோல்ல பெருசா ஒண்ணு பண்ணிடலாம். கடைசி நாளு பசங்க முகமூடி போட்டுக்கினு ஜோடி ஜோடியா உள்ள போவணும். எந்தெந்த மிருகம்னு நீங்கதான் பிரிச்சிக் குடுக்கணும்."

"ஸ்தோத்திரம் பாஸ்டர். எத்தினி மிருகம் வேணும்?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். அத்தினி மிருகத்துக்கும் உள்ள எடம் ஏதுன்னு பெரிய பசங்க கேட்டு பேஜாரு பண்றானுங்க. ஒரு வீடியோ வந்திச்சி. எல்லா மிருகமும் போவலயாம், வகைக்கு ஒரு ஜோடிதான் போச்சாம். நாயி, நரி, ஓநாயி எல்லாம் ஒரே வகை."

"வகைன்னா எது பாஸ்டர்? கோடு எங்க போடுறது?"

"சேந்தா குட்டி பொறக்குதா, அப்ப ஒரே வகை. அவ்ளோதான சிஸ்டர்."

அவ்வளவுதானா என்று இசைவாணி கேட்கவில்லை. அவள் அப்பா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போக, வார்டு வாசலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டவர் இந்த தேவசகாயம்தான். அப்படிப்பட்ட மனிதரிடம் போய் நரியைப் பற்றி எப்படி வாதாடுவது? சரிங்க பாஸ்டர் என்றாள்.

3

சாப்பாட்டு மேசையில் அட்டைகளைப் பரப்பிக்கொண்டு இசைவாணி வகை பிரிக்க உட்கார்ந்தாள்.

நாயும் ஓநாயும் சேரும், குட்டி பிறக்கும். ஒரே வகை. நாயும் செந்நரியும் சேர்ந்து குட்டி பிறந்ததாக அவள் எங்கும் படித்ததில்லை. வீடியோவோ அவற்றையும் ஒரே வகையில் போட்டிருந்தது. பிறந்தால் ஒரே வகை என்கிறார்கள், பிறக்காவிட்டால் என்ன என்று கேட்டால் அதற்கு வேறு காரணம் சொல்கிறார்கள். வெள்ளாடும் செம்மறியும் ஒரே கிடையில் கிடக்கும். சில சமயம் சேரவும் சேரும், குட்டி உயிரோடு தங்குவது அபூர்வம். அது ஒரு வகையா, இரண்டா? குதிரையும் கழுதையும் சேர்ந்தால் கோவேறு கழுதை. குட்டி பிறக்கிறது, அதனால் பாஸ்டர் கணக்கில் ஒரே வகை. அந்தக் குட்டிக்குக் குட்டி பிறப்பதில்லை, அதனால் பள்ளிப் பாடத்தின் கணக்கில் குதிரை வேறு இனம், கழுதை வேறு இனம்.

(பாஸ்டரைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. உயிரியலிலும் இந்தக் கோடு நேராக இல்லை. இனம் என்றால் என்ன என்பதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் டஜன் கணக்கில் வரையறை வைத்திருக்கிறார்கள். கூடிக் குட்டி போடுவது என்ற வரையறை, பிளந்து பிளந்து பெருகும் கிருமிக்குப் பொருந்தாது. கல்லாகிப்போன எலும்பிடம் போய் நீ யாரோடு கூடினாய் என்று கேட்கவும் முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்தவை என்றால் கோடு மங்கலாகத்தான் இருக்க வேண்டும். மங்கல் ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சாட்சி. தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்றால் கோடு பளிச்சென்று இருந்திருக்க வேண்டும். மங்கல் பாஸ்டருக்குத் தலைவலி. இசைவாணி நடுவில் உட்கார்ந்து அட்டை வெட்டினாள்.)

(இன்னொரு குறிப்பு. நான் வகை என்று எழுதுகிற இடத்தில், வேதத்தின் பழைய தமிழில் வேறொரு சொல் இருக்கிறது. என்ன சொல் என்று உங்களில் பலருக்குத் தெரியும், கல்யாணம் பேசும்போது முதலில் விசாரிக்கிற அதே சொல். அந்தச் சொல்லை மட்டும் வைத்தே இந்தக் கதையைச் சுலபமாக முடித்துவிடலாம், கைதட்டும் கிடைக்கும். எனக்கு அது வேண்டாம். வகை என்றே எழுதுகிறேன்.)

4

இருக்கையில் உட்கார்ந்திருந்த தாய்க்கு வருகிறேன். அவள் பூமாலை, இசைவாணியின் தங்கை.

புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனபோது கூட வேலை செய்த ஜெகதீசனைக் கட்டிக்கொண்டாள். அவன் கண்டமங்கலம் பக்கம். கரும்பும் மல்லாட்டையும் பயிர் போடுகிற குடும்பம். அவர்கள் ஊர், இவர்கள் காலனி. அவர்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள், இவர்கள் சபை. இன்னும் விளக்க வேண்டுமா? வேண்டாம். பெயர்களைச் சொன்னபோதே நீங்கள் பாதி பிரித்துவிட்டீர்கள். ஊர், காலனி என்றதும் மீதியையும் முடித்துவிட்டீர்கள். நான் எந்தப் பக்கம் என்றும் இந்நேரம் தேட ஆரம்பித்திருப்பீர்கள். தேடுங்கள். நானாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இரண்டு வீட்டிலும் அவர்களைச் சேர்க்கவில்லை. இசைவாணியும் பேசவில்லை. அப்பா சொன்னார் என்பது அவளுக்கிருந்த காரணம். அப்பா போன பிறகு அந்தக் காரணமும் போய்விட்டது. பல வாரம் யோசித்து ஒருநாள் அவளே போன் செய்தாள்.

"லீவு கிளாசுக்குப் பத்து நாளு புள்ளைய இங்க உடு பூமால. நம்ம வூட்டுலயே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்."

"அங்க எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்கக்கா. எனக்குப் பழகிப்போச்சு. அவளுக்கு அதெல்லாம் தெரியாது."

"யாரு இன்னா பாக்கப் போறாங்க. நான் இருக்கேன்ல."

 பிறகு பூமாலை, "சரிக்கா. இது நல்லபடியா போச்சுன்னா கிறிஸ்மஸுக்கு நானும் அவரும் வர்றோம்" என்றாள்.

இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். பேழையும் மிருகங்களும் அதைச் சுற்றிக் கட்டிய தெர்மாகோல்.

5

பூமாலையின் மகள் சங்கவி வந்து சேர்வதற்குள் முகமூடிகளைக் கொடுத்து முடித்திருந்தார்கள். யானை இரண்டு, மான் இரண்டு, நாய்வகை இரண்டு. குதிரையும் கழுதையும் பாஸ்டர் கணக்கில் ஒன்று என்பதால் குதிரை மட்டும் இரண்டு. எல்லாரும் ஜோடி. சங்கவி ஒற்றை.

இசைவாணிக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. அதைத் தோன்ற வைத்ததற்காக நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. ஜோடியே தேவைப்படாத மிருகம் ஒன்று இருக்கிறதே என்று நினைத்தாள். பேழைக்குள் அதைத் தனியாக அனுப்பினால், பாஸ்டர் போட்ட கோட்டின் மேல் யாருக்கும் தெரியாமல் ஒரு கேள்விக்குறி வைத்த மாதிரி இருக்கும். படித்தவளின் குறும்பு. உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அந்த முகமூடிக்குத்தான் மற்ற எதற்கும் செய்யாத அளவு வேலை செய்தாள். காதைக் கழுதைக்கு வெட்டினாள், முகத்தைக் குதிரைக்கு வரைந்தாள், கம்பளி நூலை ஒவ்வொன்றாக ஒட்டினாள்.

"இது இன்னா பெரிம்மா?" என்று சங்கவி கேட்டாள்.

"கோவேறு கழுதை. ரொம்ப ஸ்பெஷல். மலையில மூட்டை தூக்கிக்கினு போவும், குதிரையால கூட முடியாது."

"இதோட அம்மா யாரு?"

"குதிரை."

"அப்பா?"

"கழுதை."

"இதுக்குக் குட்டி?"

"பொறக்காது கண்ணு."

இவ்வளவும் சொன்னாள். தங்கையின் மகளிடம், தன் வாயால், பிசகில்லாமல் பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு, மைக்கில் பேச நாலு வரியும் எழுதிக் கொடுத்தாள். அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

6

கடைசி நாள் பூமாலை வந்தாள். கொட்டகையில் கடைசி வரிசையில், பெண்கள் பக்கம், ஓரமாக உட்கார்ந்தாள். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரு கிழவி கையைப் பிடித்து, "நல்லாகீறியா பூமால" என்று கேட்டாள். இசைவாணி மேடையோரத்தில் இருந்து அதைப் பார்த்தாள். நிம்மதியாக இருந்தது. பின்கட்டில் பிரியாணி தம்மில் இருந்தது.

பிள்ளைகள் ஜோடி ஜோடியாக வந்தார்கள். "நான் யானை, என் ஜோடியோடு உள்ளே போகிறேன்" என்று மைக்கில் சொல்லிவிட்டுப் பேழைக்குச் சாய்த்து வைத்த பலகையில் ஏறினார்கள். எல்லாரும் போன பிறகு சங்கவி ஒற்றையாக வந்தாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்.

"நான் கோவேறு கழுதை. என் அம்மா குதிரை. என் அப்பா கழுதை. எனக்கு ஜோடி இல்லை. ஆனாலும் உள்ளே போகிறேன்."

ஆனாலும் என்ற சொல்லை இசைவாணி பெருமையோடு எழுதியிருந்தாள். அது யார் காதிலும் விழவில்லை. அதற்குள் சிரிப்பு கிளம்பிவிட்டது. முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து அடக்கிய சிரிப்பு, அப்புறம் அடங்காத சிரிப்பு.

"டீச்சரு கரெக்டாதான் பிரிச்சி உட்டுக்கீறாங்க" என்றாள் ஒருத்தி.

"அம்மாதான் குதிரையாம்மே. அப்ப நாமதான் குதிரை" என்றாள் இன்னொருத்தி.

அந்தச் சிரிப்பில் வஞ்சம் மட்டும் இல்லை. அதையும் எழுதியாக வேண்டும். எந்தக் காலத்திலும் கழுதையாகவே எண்ணப்பட்டவர்கள் அன்றைக்கு ஒருநாள், ஒரு குழந்தையின் வாயால், குதிரையாகியிருந்தார்கள். அதில் ஒரு ருசி இருந்தது. எழுதும்போது எனக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. துடைத்துக்கொண்டேன்.

இசைவாணிக்கு அப்போதுதான் உறைத்தது. காது மடல் சூடாகி, அந்தச் சூடு கழுத்து வழியாக இறங்கியது. பாஸ்டர் தேவசகாயம் ஒன்றும் விளங்காமல் சிரித்த முகத்தோடு கைதட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் வீடியோ இருந்தது, இந்தக் கணக்கு இல்லை. சங்கவி பலகையில் ஏறி உள்ளே போய், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அம்மாவுக்குக் கையாட்டினாள். பூமாலையும் கையாட்டினாள்.

கூட்டம் முடிந்ததும் பூமாலை வந்து, "நல்லாருந்திச்சிக்கா. பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாள்.

"சாப்ட்டுப் போ பூமால. பிரியாணி எறக்கிட்டாங்க."

"வேணாம்க்கா. காலையிலயே சாப்ட்டேன்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முகமூடியைக் கழற்ற மாட்டேன் என்று சங்கவி அடம் பிடித்தாள். பூமாலை அதட்டவில்லை.

7

இசைவாணி தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா? இந்தக் கேள்வியில் பல நாள் சிக்கிக்கொண்டேன்.

தெரியாமல் செய்தாள் என்று எழுதிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை. எதோடு எது சேர்ந்தால் என்ன பிறக்கும் என்று வருஷம் முழுக்கக் கரும்பலகையில் எழுதுகிறவள் அவள். தெரிந்தே செய்தாள் என்று எழுதிப் பார்த்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. போன் செய்தவள் அவள், பத்து நாளும் குழந்தைக்குத் தலை பின்னி விட்டவள் அவள்.

கடைசியில் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. சங்கவி வாசலில் வந்து நின்ற முதல் நாளே, இவள் எந்தப் பக்கம் என்று இசைவாணியின் மனது கேட்டிருக்கிறது. இரண்டிலும் வைக்க முடியாமல் உள்ளே எங்கோ ஒரு தனி இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அதை அவளிடம்கூடச் சொல்லவில்லை. கத்தரிக்கோல் கைக்கு வந்ததும் கை அதை வெட்டிக் கொடுத்துவிட்டது. தெரியாது என்பது பொய்யில்லை. ஆனால் அது மன்னிப்புக்கு உதவாத உண்மை.

இதை எழுதி முடித்து, என் நுணுக்கத்தை நானே மெச்சிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பேருந்து நிலையம் நினைவுக்கு வந்தது.

அந்த முகமூடி வெறும் குதிரையாக இருந்திருக்கலாம். காதை யாரோ அவசரத்தில் நீளமாக வெட்டியிருக்கலாம். அதைக் கோவேறு கழுதை ஆக்கியது யார்? நான் அந்தத் தாயைப் பார்த்தேன். நெற்றியில் பொட்டில்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு. உடனே எனக்குள் ஒரு கணக்கு ஓடியது: பொட்டில்லை என்றால் இந்தப் பக்கம், மஞ்சள் கயிறு என்றால் அந்தப் பக்கம். அப்புறம் நிறத்தைப் பார்த்தேன். ஆம், அதையும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் குழந்தையின் முகமூடிக் காது எனக்குக் கழுதையின் காதாகத் தெரிந்தது.

முகமூடியைக் கொடுத்தது இசைவாணி இல்லை. நான் கொடுத்துவிட்டு, பழியை அவள் தலையில் கட்டினேன்.

8

முடிவுகளைப் பார்ப்போம். மூன்று வைத்திருந்தேன்.

முதல் முடிவு: இசைவாணி ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு, சங்கவியின் கையைப் பிடித்து, "இவளுக்கு ஜோடி நான்" என்று பலகையில் ஏறுகிறாள். கொட்டகை மௌனமாகிறது. (படித்துப் பார்த்து நெளிந்தேன். வெட்கத்தில் உறைந்து நிற்கிறவர்களுக்கு இப்படி உடனே கால் எழும்பாது.)

இரண்டாம் முடிவு: பூமாலை எழுந்து நின்று, "எம்புள்ள எந்த வகைன்னு நீ யாருக்கா சொல்றதுக்கு" என்று கேட்கிறாள். (எனக்குப் பிடித்த முடிவு. பிடித்ததற்குக் காரணம், அவள் கத்திவிட்டால் எனக்கு லேசாகிவிடும். என்னுடைய வசதிக்காக அவள் ஏன் கத்த வேண்டும்?)

மூன்றாம் முடிவு: கிறிஸ்மஸ். இசைவாணியின் வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது. ஜெகதீசன் வண்டியை நிறுத்திவிட்டு (இல்லை. அதற்கு மேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.)

மூன்றையும் கிழித்த பிறகு மிஞ்சியது நான் கண்ணால் பார்த்ததுதான். அங்கிருந்து மேலே எழுதுகிறேன்.

9

இசைவாணி டப்பாவில் பிரியாணியை அடைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டாள். வந்தவளால் கிட்டே போக முடியவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் அத்தனையும் கேவலமாக இருந்தன. தெரியாமப் பண்ணிட்டேன் என்பது உண்மை, அதனாலேயே சொல்லக் கூசியது. மன்னிச்சிடு என்றால் எதற்கு என்று பூமாலை கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை வாயால் சொல்ல வேண்டும். தங்கையின் பின்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் அந்தத் தலையில் பேன் பார்த்தது அவள்தான்.

விழுப்புரம் பேருந்து வந்தது. பூமாலை ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் சங்கவி. முகமூடிக்குள்ளிருந்து பார்த்த சங்கவிதான் முதலில் கண்டுகொண்டாள்.

"பெரிம்மா" என்று கூப்பிட்டாள். "அடுத்த வருஷமும் எனக்கு இதேதான் வேணும். வேற யாருக்கும் குடுத்துடாத."

பூமாலை அதைக் கேட்டாள். கேட்டுவிட்டுத் திரும்பினாள். அக்காவை நேராகப் பார்த்தாள். இசைவாணி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.  டப்பாவைத் தூக்கினாள்.

நடத்துனர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் நான் நிறுத்திக்கொள்கிறேன். பூமாலை அந்த டப்பாவை வாங்கினால் அவளை மன்னிப்பவள் என்ற வகையில் போடுவேன். வாங்காவிட்டால் மன்னிக்காதவள் என்ற வகையில் போடுவேன். இரண்டுக்கும் அட்டை என்னிடம் தயாராக இருக்கிறது, கத்தரிக்கோலும் இருக்கிறது. அவள் மகளுக்கு ஒன்று வெட்டிக் கொடுத்த கை இது. அவளுக்கும் ஒன்று வெட்ட எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் உங்கள் கையைப் பாருங்கள், அது போதும்.

இசைவாணி டப்பாவை ஜன்னல் வழியாக நீட்டினாள். பூமாலை